மணலில் தோப்பு வளர்த்த மேஸ்திரிகள்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் வலையையும் தோணியையும், இறாலையும் நண்டையும், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கோட்டையின் சிதைவையும் கல்லறைகளையும் பற்றியே பெரும்பாலும் எழுதியிருக்க, அதே குப்பங்களுக்கு அருகே, கடலுக்கும் ஏரிக்கும் இடையில் கிடக்கும் மணல் மேட்டில் சவுக்கு நாற்று வளர்த்து, ஆளுக்கு ஆள் வேலை பிரித்துக் கொடுத்து, குடம் குடமாய்த் தண்ணீர் வார்ப்பித்து, வெறும் மணலைத் தோப்பாக்கிய மேஸ்திரிமாரைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. தோட்டத் தொழிலில் மேற்பார்வை என்பது எவ்வாறு கற்கப்பட்டது, யாருக்குக் கற்பிக்கப்பட்டது, யாருக்குக் கற்பிக்கப்படாமலே போயிற்று என்பதை அறிய விரும்புவோர்க்கு இந்தக் கரையைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

சவுக்கு வருவதற்கு முன்பே இந்த மணலில் ஒரு செடி பெரிய வர்த்தகத்தைத் தாங்கி நின்றது. ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதனைத் தலைமை ஸ்தானமாக்கிக்கொண்டபோது, அவர்களை இழுத்து வந்தது இப்பிரதேசத்தின் வண்ணத் துணி. அந்தத் துணியின் சிவப்புக்கு மூலம் சாயவேர். கடலோர மணலில் தரையோடு தரையாய்ப் படரும் அச்சிறு செடியின் வேர் மெலிந்தது, நீண்டது. அது அறுபடாமல் தோண்டி எடுப்பதிலேயே கைத்திறமை முழுவதும் அடங்கியிருந்தது. ஸ்ரீஹரிகோட்டைத் தீவில் வாழ்ந்த யானாதி மக்கள் இவ்வேலையில் பரம்பரையாகத் தேர்ந்தவர்கள். எந்த மண்ணில் விளைந்த வேர் சாயம் மிகுந்தது, எந்தப் பருவத்தில் தோண்ட வேண்டும் என்பவற்றையெல்லாம் அறிந்திருந்த அவர்களுக்கு அந்த அறிவின் பேரில் ஒரு பதவியோ பட்டமோ கிடைத்ததில்லை. 1835ஆம் ஆண்டில் கம்பெனி சர்க்கார் ஸ்ரீஹரிகோட்டையைத் தன் நேர் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டபோது, வேர், தேன் முதலிய காட்டுப் பொருள்களைச் சேகரித்துக் கொடுத்துத் தானியம் பெறும் கூலிகளாகவே அவர்கள் கணக்கில் ஏறினார்கள். அதே 1835இல்தான் சென்னையில், ராபர்ட் வைட் என்னும் தாவர சாஸ்திரி போன்றோரின் முயற்சியால் விவசாயத் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அயல் தேசத்துச் செடிகளை வரவழைத்து வளர்ப்பதும், கனி மலர்களுக்குக் கண்காட்சி வைத்துப் பரிசு கொடுப்பதும் அச்சங்கத்தின் வேலைகள். இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு நாள் படகுப் பயணத்துக்குள் அடங்கும். ஆயினும் செடியறிந்த யானாதிக்கும் செடியை ஆராய்ந்த சங்கத்துக்கும் நடுவே நின்று இரு பக்கத்துப் பேச்சையும் புரிந்துகொள்ளும் மனிதனை உருவாக்க வேண்டுமென்று அன்று எவரும் எண்ணவில்லை.

அந்த நடு மனிதனுக்கு அவசியம் ஏற்படுத்தியது விறகு. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து வடக்கே வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், பிற்காலத்தில் பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு, 1877–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்த ஜனங்களின் உழைப்பால் மேலும் நீட்டப்பெற்று, அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. சென்னையின் அடுப்புகள் பலவும் இந்த வழியாக வந்த விறகை நம்பியிருந்தன. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியபின் விறகுக்குப் புதிய பசியும் சேர்ந்துகொண்டது. காடுகள் கரைவதைக் கண்ட சர்க்கார் அதே ஆண்டில் ஹியூ கிளெகார்ன் என்னும் வைத்தியரைச் சென்னை ராஜதானியின் வனப் பாதுகாவலராக நியமித்தது. கீழ்த்திசைத் தீவுகளிலும் ஆஸ்திரேலியக் கரைகளிலும் இயற்கையாய் வளர்ந்த சவுக்கு மரம் அந்நூற்றாண்டில் சோழமண்டல மணலில் ஊன்றப்பட்டு, உப்புக் காற்றுக்கு அஞ்சாமல், வேறெதுவும் விளையாத இடத்தில் விளைந்து காட்டியது.

சவுக்குத் தோப்பை எளிதில் வளர்ந்துவிட்ட காடென்று நினைப்பவர்கள் அதன் நாற்றங்காலைக் கண்டிரார். பச்சை நிறம் மாறிப் பழுப்பேறும் தறுவாயில் காயைப் பறிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் காய் வெடித்து விதை காற்றோடு போய்விடும். பறித்த காயை வெயிலில் பரப்பி மேலே துணி போர்த்தினால் இறகு முளைத்த நுண்ணிய விதைகள் உதிரும். ஒரு கிலோவில் பல லட்சம் விதைகள் இருக்கும். சில மாதங்களிலேயே அவற்றின் முளைப்புத் திறன் குன்றிவிடும். பாத்தியை மேடாக அமைத்து, விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாய் மணலிட்டு வைக்கோல் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளித்தபின் காவல் தொடங்கும். இந்தக் காவல் எறும்புக்கு எதிரான காவல். ஓரிரவு கவனம் தவறினால் எறும்புகள் பாத்தி முழுவதையும் தூக்கிச் சென்றுவிடும். விதை கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டு மேலதிகாரி விதை கொடுத்தவனைக் கோபித்துக்கொள்வார். முளைத்த நாற்று நான்கு அங்குலம் வளர்ந்தவுடன் பிடுங்கி மாற்றி நட வேண்டும். புதிய பாத்திக்குப் பழைய தோப்பின் அடியிலிருந்து கொஞ்சம் மண்ணை அள்ளிக் கொண்டுவந்து கலக்கும் வழக்கமும் உண்டு. சவுக்கின் வேரில் முடிச்சிட்டுக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் அந்த மண்ணில் இருக்கிறது என்பதை விஞ்ஞானம் விளக்கியது. அந்தப் பெயரைக் கேட்டறியாத கைகளோ பழைய மண் சேர்ந்த பாத்தியில் நாற்றின் நிறம் மாறுவதைக் கண்டு அதையே வழக்கமாக்கிக்கொண்டன.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நடவு முடிந்தபின் வேலையின் கடினமான பகுதி வருகிறது. மணலில் பள்ளம் தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணீர் ஊறும். மிகுதியாய் ஆழ்ந்தாலோ உப்பு ஏறிவிடும். எத்தனை கன்றுக்கு ஓர் ஊற்று, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், ஓர் ஆள் காலையில் எத்தனை குடம் சுமக்க முடியும், எந்த வரிசையை இன்று விட்டு நாளை பார்க்கலாம் என்ற கணக்கெல்லாம் மேஸ்திரியின் மனத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு கோடைகளிலும் அவன் இந்தக் கணக்கில் தவறினால் கன்று கருகும். கன்று கருகினாலும் கூலி கொடுத்தாக வேண்டும். ஆகவே ஆள் கணக்கைச் சரியாக எழுதி வைக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செடியைக் கவனித்தல், தண்ணீரைக் கவனித்தல், ஆளைக் கவனித்தல், கணக்கைக் கவனித்தல் ஆகிய நான்கும் ஒருவனிடம் கூடியிருப்பதே தோட்ட மேற்பார்வை. முதல் மூன்றும் கூடவே நின்று வேலை செய்து பெறப்படுபவை. நான்காவது எழுத்தறிவைச் சார்ந்தது. எழுத்தறிவோ பள்ளிக்கூடம் போனவருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஆகவே முப்பது வருஷம் தோப்பில் உழன்ற கையை விட்டுவிட்டு, எழுதத் தெரிந்த ஓர் இளைஞனை அதன்மேல் வைப்பது சர்க்கார் தோட்டங்களிலும் தனியார் தோட்டங்களிலும் எளிதில் நேர்ந்துவிடக்கூடிய அநியாயம்.

பிரிட்டனில் இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பெரிய தோட்டமொன்றில் சிறுவனாய்ச் சேர்ந்து தொட்டி கழுவத் தொடங்குபவன், படிப்படியாய்த் தோட்டந்தோறும் இடம் மாறி, பலவகைச் செடிகளிலும் பரிச்சயம் பெற்றுத் தலைமைத் தோட்டக்காரன் ஆவதே மரபு. கியூ தோட்டம் இந்த ஏணியின் உச்சிப் படி. அந்த ஏணியில் ஏறி வந்தவர் வில்லியம் கிரஹாம் மக்ஐவர். உதகமண்டலத்தில் வெள்ளைக்காரர்கள் மலிவாய்க் காய்கறி பெறும் பொருட்டுச் சந்தா சேர்த்துத் தொடங்கிய தோட்டம் தள்ளாடிய நிலையில், 1848இல் கியூவிலிருந்து வந்து அதைத் தாவரப் பூங்காவாக்கியவர் அவரே. 1860க்குப் பின் சிங்கோனா மரங்களை நீலகிரியில் வளர்த்தபோது, மரத்தை வெட்டாமல் பட்டையை நீள நீளமாய் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி, மீண்டும் பட்டை வளரச் செய்யும் முறையை அவர் கைக்கொண்டார். இத்தகைய யுக்தி கையால் மரத்தைத் தொட்டவனுக்கே தோன்றும். ஆனால் அவர் ஏறி வந்த ஏணி கப்பலேறி இங்கே வரவில்லை. இங்கிலாந்தில் பிற்காலத்தில் பெண்களுக்கும் அது திறந்தது. 1889இல் தோன்றிய ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரியில் பயின்ற பெண்கள் 1896இல் கியூ தோட்டத்திலேயே தோட்டக்காரர்களாக அமர்ந்தார்கள். நம் தேசத்துத் தோட்டங்களிலோ, தண்ணீர் சுமந்தும் களை எடுத்தும் நாற்று நட்டும் உழைத்த பெண்களுக்கு மேஸ்திரி என்ற பெயர் கிடைப்பதே அபூர்வம்.

சென்னை சர்க்கார் கல்வி கொடுக்க முயலவில்லை என்று சொல்வது தவறு. சைதாப்பேட்டையில் 1865இல் சோதனைப் பண்ணையும் 1876இல் விவசாயப் பள்ளியும் ஏற்பட்டன. அது பின்னர் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டுக் கல்லூரியாய் வளர்ந்தது. வன இலாகாவுக்குக் கோயம்புத்தூரிலேயே 1912இல் ஒரு கல்லூரி தோன்றியது. இவற்றில் பயின்றவர்கள் திறமையுடையவர்கள்; இந்நாட்டின் பயிர்த் தொழிலுக்கு அவர்கள் செய்த சேவை பெரியது. ஆயினும் இந்த ஸ்தாபனங்கள் உத்தியோகஸ்தர்களை உருவாக்கின. நாற்றங்காலில் நிற்பவனுக்கு அவற்றின் வாயில் உயரமாகவே இருந்தது.

கற்பிக்காமல் அதிகாரம் மட்டும் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையின் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி முறை சாட்சி. தன் ஊராரையும் உறவினரையும் முன்பணம் கொடுத்துத் திரட்டிக் கொண்டுசென்ற கங்காணி, அவர்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளனாகவும் கடன் கொடுத்தவனாகவும் ஒருங்கே இருந்தான். ஆட்கள் பட்ட கடனைக் குறித்த துண்டுச் சீட்டு தோட்டத்துக்குத் தோட்டம் அவர்களைத் தொடர்ந்தது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. அங்கே மேற்பார்வையின் பலம் தேயிலைக் கொழுந்தைப் பற்றிய அறிவில் இருந்ததைவிடக் கடன் கணக்கில் அதிகமாய் இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒழுங்கைப் பழவேற்காட்டு மீனவர்களே வைத்திருக்கிறார்கள். ஏரியின் மீன்பிடி நிலைகளை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு என்னும் ஏற்பாட்டில், கோட்டைக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டாக எண்ணப்படும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. எந்தப் பாடு யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். வளமான இடம் ஒரே குடும்பத்தில் தங்கிவிடாமல் முறை சுற்றி வருகிறது. இதை நடத்தும் பெரியவர்கள் எல்லோரும் சிறு பிராயத்தில் தகப்பனோடு வலை இழுத்தவர்கள். தண்ணீரை அறியாத ஒருவர் தண்ணீரைப் பங்கிட அமர்வதை அந்தச் சபை ஏற்காது. இதிலும் குறை உண்டு. ஒரு ஜாதியாரின் உரிமையாக வளர்ந்த இவ்வேற்பாடு ஏரியை நம்பிய மற்றவர்களைப் புறத்தே நிறுத்தியதையும், பெண்களுக்கு அச்சபையில் இடமில்லாததையும் மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மேற்பார்வை செய்பவன் முதலில் அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற விதியை இவ்வளவு உறுதியாகக் காத்த ஒரு ஸ்தாபனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சுதந்திரத்துக்குப்பின் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. 1950இல் கைத்தொழிற் பயிற்சித் திட்டமும் 1961இல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தன. 1979இல் தமிழகத்தில் தோட்டக்கலைக்குத் தனி இலாகா பிரிந்தது. 2013இல் வேளாண் திறன் குழுமம் ஏற்பட்டு, தோட்டக்காரர், நாற்றங்கால் பணியாளர், பசுமைக்குடில் இயக்குபவர் என்றெல்லாம் தொழில்களுக்குத் தகுதி வரையறுக்கப்பட்டது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் திட்டத்தில், பள்ளியில் கற்காமல் வேலையிலேயே கற்றவரின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. சவுக்கு மேஸ்திரிக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது இதுதான்.

இக்கரையில் அந்தச் சான்றிதழ் ஏற்பாட்டுக்கு இன்று புதிய உபயோகமும் பிறந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரத்தில் மரங்களை வளர்ப்பதில் ஊக்கம் பெருகியது. சவுக்கோடு அலையாத்தி மரங்களும் கவனம் பெற்றன. பிச்சாவரத்தில், பல்லாண்டுகள் கூறு கூறாய் வெட்டப்பட்டதால் தரை தாழ்ந்து உப்பேறி வறண்டுபோன அலையாத்திக் காட்டை, மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வன இலாகாவும் கிராமத்தாரும் சேர்ந்து மீன் முள்ளைப்போலக் கிளைத்த வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீரை உள்ளே வரவிட்டு மீட்டார்கள். பழவேற்காட்டிலும் அலையாத்திக் கன்றுகளை நடும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. இந்த நாற்றங்கால் விசித்திரமானது. கண்டலின் நீண்ட முளையைச் சேற்றில் நேரே ஊன்றிவிடலாம். வெண்கண்டலின் விதையையோ பையில் முளைக்கவைத்து, ஏற்றநீர் வந்து நனைத்துவிட்டு வற்றத்தில் திரும்பிப் போகும் மட்டத்தில் பாத்தி அமைத்து வளர்க்க வேண்டும். அரை அடி மேலே போனால் கன்று காயும், அரை அடி கீழே போனால் அழுகும். முகத்துவாரம் மணலால் அடைபடும் மாதங்களில் இந்த மட்டமும் மாறிவிடும். அந்த மாற்றத்தை எதிர்பார்த்துப் பாத்தியை இடம் பெயர்க்கத் தெரிந்தவர், பிறந்ததுமுதல் இந்தத் தண்ணீரில் நிற்பவர். ஆகையால் இத்தொழிலுக்கு மேற்பார்வையாளரைத் தேர்ந்து சான்றிதழ் வழங்குவோர், அந்தச் சோதனையைப் பட்டணத்து அறையொன்றில் தாளும் பேனாவும் கொடுத்து நடத்தாமல், ஏரிக்கரையிலேயே, வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் வேளையில், பாத்தியின் ஓரத்தில் நின்று தமிழில் வாய்மொழியாய் நடத்த வேண்டும். நண்டு பிடித்தும் இறால் தடவியும் அந்தச் சேற்றை அடி அடியாய் அறிந்த பெண்களையும், அதே தொழிலில் வாழும் பழங்குடியினரையும் முதல் வரிசையில் அழைக்க வேண்டும். கணக்கெழுதும் பாடத்தை அவர்கள் தேர்ச்சி பெற்றபின் கற்பித்துக்கொள்ளலாம்.