நான்கு தூண் கார் லிஃப்ட்: வீட்டுக் கராஜுக்கான தேர்வு

நான்கு தூண் கார் லிஃப்ட் என்பது காரைச் சக்கரங்களோடு அப்படியே ஏற்றி நிறுத்தி மேலே தூக்கும் ஹைட்ராலிக் கருவி. மூலைக்கு ஒன்றாக நான்கு எஃகுத் தூண்கள், இடமும் வலமும் சக்கரம் ஓடி ஏறுவதற்கு இரண்டு நீளப் பலகைகள், முன்னும் பின்னும் அவற்றைத் தாங்கும் இரண்டு குறுக்கு உத்தரங்கள்: அமைப்பு இவ்வளவுதான். நம் ஊரில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடைகளில் இந்த வகையின் பெரிய வடிவம் இருக்கும், கோயம்புத்தூரின் ஏ.டி.எஸ். எல்ஜி போன்ற நிறுவனங்கள் பணிமனைகளுக்கான கார் லிஃப்டுகளைத் தயாரிக்கின்றன. ஆனால் வீட்டுச் சாமானாக இது வேரூன்றிய இடம் அமெரிக்கா. வீட்டோடு ஒட்டிய கராஜ், தினசரி ஓட்டத்துக்கு இரண்டு கார், ஆசைக்கு வாங்கிப் பொத்திப் பாதுகாக்கும் மூன்றாவது கார் என்ற குடும்பங்கள் அங்கே ஏராளம். ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டை நிறுத்தலாம் என்பதே பலரும் இதை வாங்க முதல் காரணம். அடியில் நின்று வேலை பார்ப்பது அதற்கு அடுத்ததுதான்.

காரைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டுக்கு வயது சுமார் நூறு. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் மெக்கானிக்காக இருந்த பீட்டர் லுனாட்டி 1925இல் இதை உருவாக்கினார். முடிதிருத்தும் கடையின் நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை தோன்றியதாகச் சொல்வார்கள். அவருடைய லிஃப்ட் தரையில் புதைத்த ஒற்றைத் தண்டின் மேல் காரைத் தூக்கியதோடு சுழலவும் செய்தது. அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு ரோட்டரி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. குழி தோண்டாமல் தரைக்கு மேலேயே நிற்கும் தூண் வகைகள் பரவிய பிறகுதான் லிஃப்ட் வீட்டுக்குள் நுழைய வழி பிறந்தது.

வேலை செய்யும் விதம்

வீட்டு வகைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், ஏதாவது ஒரு பலகையின் அடியில் படுத்திருக்கும். மோட்டார் எண்ணெயை அழுத்தியதும் சிலிண்டரின் தண்டு நகர்ந்து நான்கு எஃகு வடங்களை இழுக்கும். வடங்கள் கப்பிகளின் வழியே நான்கு மூலைக்கும் பிரிந்து தூண்களின் உச்சியில் போய் முடியும். ஆகவே நான்கு மூலையும் ஒன்றுபோல ஏறும். இறக்குவதற்கு மோட்டார் தேவையில்லை. வால்வைத் திறந்தால் காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

தூக்குவது எண்ணெய் என்றாலும் தாங்குவது எண்ணெய் அல்ல. இதைப் புரிந்துகொண்டவரே இந்தக் கருவியைப் புரிந்துகொண்டவர். ஒவ்வொரு தூணிலும் ஏணிப்படி போல வரிசையாகத் துளைகள் இருக்கும். பலகை ஏற ஏற, உத்தரத்தின் முனையிலுள்ள பூட்டு நாக்கு ஒவ்வொரு துளையிலும் ‘டக், டக்’ என்று விழுந்துகொண்டே போகும். வேண்டிய உயரத்தைச் சற்றுத் தாண்டி ஏற்றி நிறுத்திவிட்டு, பிறகு மெல்ல இறக்கி நாக்குகளின் மேல் உட்காரவைக்க வேண்டும். நான்கு மூலையிலும் சத்தம் கேட்டதா, நான்கும் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடியில் போகலாம். வடத்திலும் எண்ணெயிலும் தொங்கும் காருக்குக் கீழே நிற்பவர் ஒரு ரப்பர் சீலை நம்பி நிற்கிறார். வடம் தளர்ந்தாலோ அறுந்தாலோ தானாகப் பாய்ந்து பிடிக்கும் இரண்டாவது பூட்டும் நல்ல லிஃப்டுகளில் உண்டு. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

இன்னொன்று, பூட்டில் உட்கார்ந்த காரை இறக்க வேண்டுமானால் முதலில் அதைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்க வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். மின்சாரம் போன நேரத்தில் மேலே இருக்கும் கார் மேலேயேதான்.

உயரக் கணக்கு

எத்தனை டன் தூக்கும், என்ன பிராண்ட் என்பதிலிருந்து பலர் தேடலைத் தொடங்குகிறார்கள். அளவு நாடாவிலிருந்து தொடங்குவதே சரி. வீட்டுக் கராஜில் லிஃப்டைத் தீர்மானிப்பது கூரை. மற்றதெல்லாம் அதற்கு அடங்கியவை.

கீழே நிற்கும் காரின் உயரம், மேலே நிற்கும் காரின் உயரம், பலகையின் கனம் சுமார் 12 செ.மீ., கீழ்க்காருக்கும் பலகைக்கும் நடுவே 5 செ.மீ., மேல்காருக்கும் கூரைக்கும் நடுவே 5 செ.மீ. என்று கூட்டிப் பார்க்க வேண்டும். டொயோட்டா கேம்ரி ஏறக்குறைய 145 செ.மீ. உயரம். இன்றைய செவர்லே கார்வெட் 123 செ.மீ. கேம்ரியைக் கீழேயும் கார்வெட்டை மேலேயும் வைத்தால் மொத்தம் 290 செ.மீ. ஆகிறது. பத்து அடிக் கூரை என்பது 305 செ.மீ. என்பதால் இந்த ஜோடி வசதியாக அடங்கும். இரண்டும் கேம்ரி என்றால் 312 செ.மீ.; பத்து அடி போதாது. ஒன்பது அடிக் கூரையில் (274 செ.மீ.) இரண்டு தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்கள்கூட இடைவெளியைக் கறாராகச் சுருக்கினால்தான் நிற்கும்: 1965ஆம் ஆண்டு மஸ்டாங் 130 செ.மீ., அதோடு ஒரு கார்வெட் என்று போட்டுப் பார்த்தால் தெரியும். அமெரிக்க வீடுகளில் சர்வசாதாரணமான எட்டு அடிக் கராஜில் ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்கப் 190 செ.மீ.க்கு மேல் உயரம். அது வீட்டில் இருந்தால் கணக்கையே வேறு மாதிரி போட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பூட்டுத் துளைகள் பல மாடல்களில் சுமார் 10 செ.மீ. இடைவெளியில் இருக்கும். பலகை நிற்பது துளை இருக்கும் உயரத்தில்தான், நமக்கு வேண்டிய உயரத்தில் அல்ல. தாளில் 3 செ.மீ. மிச்சம் என்று மகிழ்ந்தவர், கீழ்த்துளையில் நிறுத்தினால் கீழ்க்காரின் கூரை இடிக்க, மேல்துளைக்குப் போனால் மேல்காரின் கூரை இடிக்க, நடுவில் மாட்டிக்கொள்வார். துளைகளின் உயரப் பட்டியலைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

அடியில் நிமிர்ந்து நின்று வேலை பார்க்கும் ஆசை இருந்தால் கூரை இன்னும் உயர வேண்டும். பலகையின் அடிப்பாகம் 180 செ.மீ. உயரத்தில் நின்று அதன் மேல் ஒரு செடான் ஏறினால், பலகைக் கனத்தோடு 337 செ.மீ. ஆகிவிடும். அதாவது பதினோரு அடியையும் தாண்டுகிறது. உருளும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஆயில் மாற்றவும் சைலன்சர் கழற்றவும் முடியும் என்பவர்களுக்குக் குறைந்த கூரையே போதும். உண்மையில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வேலை பார்க்கிறார்கள்.

கூரையை அளப்பவர்கள் கராஜ் கதவை மறந்துவிடுவதுண்டு. அமெரிக்கக் கராஜ்களில் கதவு மேல்நோக்கித் திறந்து, தண்டவாளத்தின் மீது ஓடிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். நடுவில் அதன் மோட்டார் வேறு தொங்கும். மேல்காரின் தலை போய் முட்டுவது பெரும்பாலும் இந்தக் கதவில்தான். தண்டவாளத்தைக் கூரையை ஒட்டி உயர்த்திப் போட்டு, மோட்டாரைக் கதவின் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினால் பிரச்சினை தீரும். அதற்கான செலவையும் லிஃப்டின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மேலே இருக்கும் காரின் பானெட்டைத் திறக்க முடியுமா என்பதையும் யோசிக்கலாம். முடியாத வீடுகளே அதிகம்.

அகலம், நீளம், சக்கரத் தடம்

வீட்டு லிஃப்டின் மொத்த அகலம் பெரும்பாலும் எட்டரை, ஒன்பது அடி. ஏறும் சாய்பலகையைத் தவிர்த்து நீளம் பதினைந்து முதல் பதினேழு அடி. சாய்பலகை இன்னும் மூன்று அடி கேட்கும். தூண்களுக்கு நடுவே கண்ணாடியை மடக்காமல் ஓட்ட முடிகிறதா, கீழே நிற்கும் காரின் கதவைத் திறந்தால் தூணில் இடிக்கிறதா என்பவை வாங்கிய பிறகு தினமும் உறுத்தும் விஷயங்கள். கராஜ் தரையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டித் தூண்களின் இடத்தைக் குறித்து, ஒரு வாரம் அந்தக் கோடுகளுக்குள்ளேயே காரை நிறுத்திப் பார்ப்பது காசில்லாத சோதனை.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. எம்.ஜி. மிட்ஜெட் போன்றவற்றின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 115 செ.மீ. அளவுதான். இரண்டு பலகைகளும் அகலமாகப் பிரிந்திருக்கும் லிஃப்டில் அதன் சக்கரம் பலகையின் உள்விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டு நிற்கும்.

எடைத்திறன்

7,000, 8,000, 9,000 பவுண்டு ஆகியவை வீட்டு வகைகளில் வழக்கமான அளவுகள். கிலோவில் முறையே சுமார் 3,175, 3,630, 4,080. சாதாரண செடான்களுக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் முதல் அளவே தாராளம். ஆனால் மின்கார்கள் இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டன. ரிவியன் ஆர்1டி பிக்கப்பின் சில வடிவங்கள் 7,000 பவுண்டைத் தாண்டுகின்றன. ஜி.எம்.சி. ஹம்மரின் மின்வடிவம் 9,000 பவுண்டை ஒட்டி வருகிறது. அடுத்த பத்து ஆண்டில் வீட்டுக்கு வரப்போகும் காரை நினைத்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

எடைத்திறன் என்று அச்சிட்டிருக்கும் எண் சக்கர இடைத்தூரத்தையும் பொறுத்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் குறைந்த வண்டி தன் எடையைப் பலகையின் நடுப்பகுதியில் குவிக்கும், பலகை வளையும். அதனால் குட்டையான வண்டிகளுக்கு அனுமதித்த எடை குறைவு என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் தனி அட்டவணை தருகிறார்கள். விளம்பரத் தாளில் அந்த அட்டவணையைத் தேடினால் கிடைக்காது.

தளமும் மின்சாரமும்

நான்கு அங்குலக் கனம், சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தம் தாங்கும் கான்கிரீட் என்பது பல தயாரிப்பாளர்கள் கேட்கும் குறைந்தபட்சம். இரண்டு தூண் லிஃப்ட் காரைக் கைகளில் ஏந்தித் தூக்குவதால் தூண்களைச் சாய்க்கப் பார்க்கும் விசை தரையில் இறங்குகிறது. அதை ஆங்கர் போல்ட் இல்லாமல் நிறுத்தவே முடியாது. நான்கு தூண் வகையில் எடை நேராகக் கீழே இறங்குவதால், போல்ட் அடிக்காமல் வைக்கலாம் என்று சில தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். அடியில் சக்கரம் மாட்டி, காலியாக இருக்கும்போது மட்டும் தள்ளி நகர்த்தவும் முடியும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் வீடு மாறுபவர்களுக்கும் இது பெரிய வசதி. போல்ட் அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெக்சஸ் போன்ற மாநிலங்களில் தளத்துக்குள் எஃகு வடங்களை முறுக்கேற்றிப் புதைத்த வீடுகள் நிறைய உண்டு. அந்தத் தளத்தில் வடம் ஓடும் பாதை தெரியாமல் துளையிடுவது உயிருக்கே ஆபத்து.

மோட்டார் 110 வோல்ட்டிலும் கிடைக்கிறது, 220 வோல்ட்டிலும் கிடைக்கிறது. முதலாவது மெதுவாகத் தூக்கும். மாதம் இரண்டு முறை ஏற்றி இறக்குபவருக்கு அது ஒரு குறையே அல்ல. எதுவானாலும் தனி சர்க்யூட் வேண்டும்.

துணைச் சாமான்கள்

நான்கு தூண் லிஃப்டில் கார் தன் சக்கரங்களின் மேல்தான் நிற்கிறது. பிரேக், சஸ்பென்ஷன், டயர் வேலைக்குச் சக்கரம் அந்தரத்தில் தொங்க வேண்டும். இதற்காகப் பலகைகளுக்கு நடுவே உருண்டு வந்து காரைத் தூக்கும் ஜாக்கி தனியாக விற்கிறார்கள். ஒன்று இருந்தால் இரண்டு சக்கரம் எழும். நான்கும் எழ இரண்டு ஜாக்கி வேண்டும். பிரேக் வேலைதான் முக்கியம் என்றால் இரண்டு தூண் வகையே பொருத்தம். கார் நிறுத்துவதையும் பிரேக் வேலையையும் ஒரே கருவியில் எதிர்பார்ப்பவர் ஜாக்கிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

சொட்டுத் தட்டு என்பது பலகைகளுக்கு நடுவே விரிக்கும் பிளாஸ்டிக் தட்டு. பழைய கார் எண்ணெய் சொட்டும். எண்ணெயையாவது துடைத்துவிடலாம், பிரேக் திரவம் கீழ்க்காரின் பெயின்ட்டையே அரித்துவிடும். மிச்சிகன் போன்ற பனி ஊர்களில் சாலை உப்பு கரைந்த சேற்றுத் தண்ணீரும் சேர்ந்து வடியும். மேலே கார் நிறுத்துபவர்களுக்கு இது விருப்பச் சாமான் அல்ல.

தரச்சான்றும் பராமரிப்பும்

அமெரிக்காவில் லிஃப்டுகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட், 1945இல் தொடங்கியது. சுயேச்சையான சோதனைக்கூடத்தில் தேறிய மாடல்களுக்கு மட்டுமே அதன் தங்கநிற முத்திரை கிடைக்கும். சான்று மாடலுக்குத்தான், நிறுவனத்துக்கு அல்ல. ஒரே நிறுவனத்தின் ஒரு லிஃப்ட் சான்று பெற்றதாகவும் பக்கத்து லிஃப்ட் பெறாததாகவும் இருக்கலாம். ‘தரவிதிகளின்படி தயாரித்தது’ என்ற விளம்பர வாசகத்துக்கும் முத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. ஐரோப்பாவில் இதற்கு ஈ.என். 1493 என்ற விதி இருக்கிறது. விலை குறைந்த வீட்டு லிஃப்டுகளில் சான்றில்லாதவை நிறைய. அவற்றில் பல வருடக்கணக்காக ஓடவும் செய்கின்றன. ஆனாலும் அடியில் ஆள் நிற்கப்போகும் கருவிக்குச் சில நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்து முத்திரை உள்ளதை வாங்குவதே சரி.

பணிமனைகளில் ஆண்டுக்கு ஒருமுறை தகுதியானவர் லிஃப்டைச் சோதிப்பது வழக்கம். வீட்டில் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில். புதிய வடங்கள் முதல் சில மாதங்களில் சற்று நீளும். அப்போது நான்கு பூட்டும் ஒரே சமயத்தில் விழாமல் ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஒலிக்கும். தூண் உச்சியிலுள்ள நட்டைத் திருகிச் சமன்படுத்த வேண்டும். வடத்தில் பிசிறு தெரிந்தாலோ துரு ஏறினாலோ அதை மாற்றிவிட வேண்டும். கை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. அறுந்த இழை ஊசிபோலக் குத்தும், துணியால் தடவினால் துணியில் மாட்டிக்கொண்டு தானே காட்டிக்கொடுத்துவிடும். பழைய லிஃப்டை வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு பழந்துணியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போங்கள். வடத்தையும் நான்கு பூட்டு நாக்கையும் காட்டத் தயங்கும் இடத்தில் விலை பேச வேண்டாம்.