ஐந்து லீற்றரும் ஒரு சீஆர் கொப்பியும்

2022 ஜூன் கடைசி. நாங்கள் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருடைய அப்பா ஓட்டோ ஓடுபவர். கொட்டாஞ்சேனையில் ஒரு பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் இரண்டு இரவு, மூன்று பகல் ஓட்டோவுக்குள்ளேயே கிடந்தார். நாங்கள் டியூஷனைக் கட் பண்ணிவிட்டு மாறி மாறிப் போய் அவருடைய இடத்தில் இருந்தோம். அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார்.

அந்த வரிசையில் ஒரு சீஆர் கொப்பி இருந்தது. ஷெட்காரர் வைத்ததில்லை, வரிசையில் நின்றவர்களே வைத்தது. யார் எத்தனையாவது, வண்டி நம்பர் என்ன, இரவில் யார் காவல் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். கொப்பியை வைத்திருந்த அண்ணாவுக்கு அந்த மூன்று நாளும் ஒரு அமைச்சருக்குரிய மரியாதை. ஆனால் அந்தக் கொப்பிக்கு அடுத்த சந்தியில் இருந்த ஷெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இங்கே பத்தாவதாக நின்றவர், அங்கே தன் தம்பியை வைத்து ஏற்கெனவே அடித்துவிட்டு வந்திருக்கலாம். வந்தும் இருந்தார்கள்.

இந்தக் கொப்பி ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், மென்பொருள் கம்பனி ஒன்றில் வேலை செய்யும் கூட்டாளி ஒருத்தி எங்களுக்கு 'ஸ்கேலிங்' பற்றி விளக்கினாள். நாங்கள் கலைப்பீடம், எங்களுக்கு வரலாறு என்றால் ராஜாக்களும் ஒப்பந்தங்களும்தான். அவள் சொல்லச் சொல்ல, அட, இது எங்கட கியூ கதையல்லவா என்று தோன்றியது.

ஒரு செயலிக்கு ஆட்கள் கூடினால் என்ன செய்வது? இரண்டு வழி. இருக்கிற கணினியையே பெரிதாக்கலாம், இன்னும் வேகமான புரொசசர், இன்னும் கூட மெமரி. இது வெர்ட்டிக்கல் ஸ்கேலிங், மேல்நோக்கி வளர்ப்பது. அல்லது அதே மாதிரிச் சாதாரணக் கணினிகளைப் பக்கத்தில் அடுக்கி, வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். இது ஹொரிசொன்டல் ஸ்கேலிங், பக்கவாட்டில் வளர்ப்பது. ஷெட்டின் தாங்கியையும் பம்பையும் பெரிதாக்குவது முதலாவது. ஊரெல்லாம் ஷெட் திறப்பது இரண்டாவது.

வரலாற்றில் முதலில் வந்தது மேல்நோக்கிய வழி. 1964 ஏப்ரலில் ஐபிஎம் நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. சின்ன மொடலை வாங்கிய கம்பனி வளர்ந்தால், அதே குடும்பத்துப் பெரிய மொடலுக்கு மாறலாம், எழுதிய புரோகிராமைத் திரும்ப எழுதத் தேவையில்லை. அதற்கு முன்பு கணினியை மாற்றினால் பெரும்பாலும் புரோகிராமையும் முதலிலிருந்து எழுதவேண்டும், அதனால் இது பெரிய விசயம். காசு இருந்தால் வளரலாம், மண்டையை உடைக்கத் தேவையில்லை. ஒரே பெட்டி, ஒரே கொப்பி. அது பழுதானால் எல்லாம் நிற்கும் என்பதுதான் சிக்கல். அதோடு எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒரு பெட்டிக்கு ஒரு எல்லை உண்டு.

அந்த சிஸ்டம் 360-ஐ வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஜீன் அம்டால். 1967-இல் அவர் சொன்ன கருத்து இன்றைக்கும் 'அம்டால் விதி' என்று பாடத்தில் இருக்கிறது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்கமுடியாத பங்காக இருந்தால், ஆயிரம் கணினி போட்டாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. எங்கட பாசையில் சொன்னால், பம்ப் அடிக்க நூறு பேர் இருக்கலாம், எல்லாரும் ஒரே சீஆர் கொப்பியில்தான் எழுதவேண்டும் என்றால் கொப்பிக்கு முன்னால்தான் கியூ நிற்கும்.

பக்கவாட்டு வழியை உலகத்துக்குப் பெரிதாகக் காட்டியது கூகிள். விலை கூடிய பெரிய சேர்வர்களை வாங்காமல், நாங்கள் வீட்டில் வைத்திருப்பது மாதிரியான மலிவுக் கணினிகளை ஆயிரக்கணக்கில் இணைத்தார்கள். 2003-இல் அவர்களே எழுதிய கட்டுரையில் 15,000-க்கு மேற்பட்ட கணினிகள் என்று கணக்குச் சொன்னார்கள். இத்தனை இருந்தால் தினமும் சில பழுதாகும்தான். பழுதாகட்டும், மிச்சம் வேலை செய்யும் என்று மென்பொருளை எழுதினார்கள். தேடுதல் அதற்குத் தோதான வேலை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் ஒரே பக்கத்தைப் படித்தாலும் பக்கம் குறையாது.

பெற்றோல் குறையும். ரயில் ஆசனமும் குறையும். 2014 ஏப்ரலில் இந்திய ரயில்வேயின் இணைய முன்பதிவை மாற்றிக் கட்டியபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவை 7,200 ஆக்கினார்கள். பெரிய வேலைதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எத்தனை சேர்வர் வைத்தாலும் ஒரு ஆசனத்தை இரண்டு பேருக்கு விற்கமுடியாது. எல்லாச் சேர்வரும் ஒரே கணக்கை நம்பவேண்டும். அந்தக் கணக்குத்தான் பக்கவாட்டில் வளரும்போது வருகிற தலையிடி.

இப்போது 2022-க்குத் திரும்புவோம். இந்த நாட்டில் ஷெட்டுகள் ஏற்கெனவே பக்கவாட்டில்தான் இருந்தன, தீவு முழுக்கப் பரவி. இல்லாமல் இருந்தது பொதுக்கணக்கு. ஏப்ரல் 12-ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச்சிலேயே, ஷெட்டுகளுக்கு இராணுவத்தைப் போட்டுவிட்டார்கள், வரிசைகளில் வயதானவர்கள் இறந்தும் போனார்கள். ஜூன் 27-ஆம் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். மற்றவர்களுக்கு டோக்கன். அந்த டோக்கனும் ஷெட்டுக்கு ஷெட் தனிக்கணக்கு. எனவே யாரிடம் நேரம் இருந்ததோ, யாரிடம் வரிசையில் நிறுத்த ஆள் இருந்ததோ, அவர்களுக்குக் கூடக் கிடைத்தது. ஒற்றை ஆளாக ஓட்டோ ஓடுபவருக்கு ஒரு ஷெட்தான், ஒரு வரிசைதான்.

ஜூலை 9 நடந்தது உங்களுக்குத் தெரியும். 13-ஆம் திகதி ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார், அடுத்த நாள் பதவி விலகினார். அதற்கு இரண்டு நாள் கழித்து, 16-ஆம் திகதி, எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரத்தை அறிமுகப்படுத்தினார். நாங்கள் எல்லாரும் 'கியூஆர்' என்றுதான் சொன்னோம். அடையாள அட்டை இலக்கம், வண்டி நம்பர், செஸி நம்பர் கொடுத்துப் பதியவேண்டும். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20.

இடையில் இன்னொரு முறையும் ஓடியது, நம்பர் பிளேட்டின் கடைசி இலக்கம். 0, 1, 2 என்றால் செவ்வாயும் சனியும். 3, 4, 5 என்றால் வியாழனும் ஞாயிறும். 6 முதல் 9 வரை திங்கள், புதன், வெள்ளி. மூன்று இலக்கத்துக்கு இரண்டு நாள், நான்கு இலக்கத்துக்கு மூன்று நாள் என்று யாரோ இருந்து யோசித்திருக்கிறார்கள். டேட்டாபேஸைத் துண்டுகளாகப் பிரித்து, கடைசி இலக்கத்தைப் பார்த்து எந்தத் துண்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பதும் இதே உத்திதானாம். கூட்டாளி 'ஷார்டிங்' என்றாள். இங்கே கணினிக்குப் பதிலாகக் கிழமையைப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 1 முதல் நாடு முழுக்க கியூஆர் மட்டும்தான். டோக்கன், கடைசி இலக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பம்ப் அடிக்கிற அண்ணா போனை நீட்டி ஸ்கேன் பண்ணுவார், மிச்சம் எவ்வளவு என்று காட்டும். அந்த ஷெட் உங்களை ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் 2 லீற்றர், வெள்ளவத்தையில் 3 லீற்றர் அடித்தாலும் கணக்கு ஒன்றுதான். சீஆர் கொப்பி ஷெட்டை விட்டு வெளியே போய், எல்லா ஷெட்டுக்கும் பொதுவான ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. சேர்வர்களையும் இப்படி ஞாபகம் இல்லாதவையாக வைத்திருந்தால்தான் நினைத்தபடி கூட்டலாம், குறைக்கலாம் என்று அவள் சொன்னாள்.

வரிசைகள் குறைந்தன. அதை அப்போது நாங்கள் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று கொண்டாடினோம். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம். கியூஆர் ஒரு லீற்றர் பெற்றோலையும் கப்பலில் கொண்டுவரவில்லை. இருந்த கொஞ்சத்தை, ஆள்பலம் பார்க்காமல் பங்கிட்டது. 5 லீற்றரில் ஓட்டோக்காரர் ஒரு வாரம் உழைக்கமுடியாது. மூன்று நாள் வரிசையில் கிடக்கத் தேவையில்லை என்பது மட்டும் உண்மை. அப்பா அந்தக் கோட்டை லெமினேட் பண்ணி ஓட்டோவில் தொங்கவிட்டிருந்தார். 2023 செப்டெம்பர் 1 முதல் கியூஆர் தேவையில்லை என்று நிறுத்தினார்கள்.

இந்தக் கணக்கில் வராத வரிசை ஒன்றும் இருந்தது. காஸ் இல்லாததால் எங்கள் அம்மாமார் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை. முகத்துவாரம் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களும் கேனோடு அதில்தான் நின்றார்கள். கேனுக்கு நம்பர் பிளேட் இல்லை, செஸி நம்பர் இல்லை. வண்டிகளுக்கு எழுதப்பட்ட அனுமதிப்பத்திரத்தில் கேன் வைத்திருப்பவருக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. வண்டிகளின் கியூஆர் நாடு முழுக்க வந்த அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு அந்த வரிசையும் குறைந்தது. ஸ்கேன் பண்ண அங்கே ஒன்றும் இருக்கவில்லை.