சுமைதாங்கியும் ஒரு வாங்கும்

நூற்றாண்டு விழாவையொட்டி எமது வகுப்புத் தோழியர் கூடிப் பேசியபோது, மறைந்த எங்கள் தோழிக்கு என்ன நினைவுச் சின்னம் அமைப்பது என்ற கேள்வி எழுந்தது. அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது காலமானவள். கனடாவில் இருப்பவர்கள் மண்டபச் சுவரில் சலவைக்கல் பதிப்போம் என்றார்கள். கொழும்பில் இருப்பவர்கள் பரிசு நிதியம் போதும் என்றார்கள். எனக்கு ஞாபகம் வந்தது ஒரு சுமைதாங்கி. ஆறாம் வகுப்பில் சமூகக்கல்வி ஆசிரியை எங்களை வெயிலில் நடத்திச் சென்று காட்டியது. அவளும் நானும் புத்தகப் பைகளை அதன்மேல் வைத்துவிட்டுச் சிரித்தோம். அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை ஆசிரியை அன்று சொல்லவில்லை. சிறுபிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பார்.

இளைய தலைமுறையினர் பலர் சுமைதாங்கியைக் கண்டிருக்க மாட்டீர்கள். நிறுத்திய இரு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவையும் உண்டு. உயரம் ஏறத்தாழத் தோளளவு. அதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. தலையில் கடகத்துடன் சந்தைக்கு நடக்கும் பெண், பிறர் உதவியின்றிச் சுமையை அதில் இறக்கலாம். இளைப்பாறிய பின் தானே மீண்டும் தூக்கிக்கொள்ளலாம். பழைய தெருக்களில் மடம், கேணி, மாடுகள் உடம்பு உரசும் ஆவுரோஞ்சிக் கல் ஆகியவற்றோடு சேர்ந்தே இது பெரும்பாலும் காணப்படும். சைக்கிளும் பஸ்ஸும் வந்தபின் தேவை குறைந்தது. வீதி அகலித்தபோது பல இடிபட்டன.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் இதை அமைப்பது வழக்கம். வழிப்போக்கர் சுமையை இறக்கும்போதெல்லாம், தன் சுமையை இறக்காமல் போனவளின் ஆன்மா ஆறுதலடையும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் இதே வழக்கம் உண்டு.

மகப்பேற்று விடுதியில் வேலை செய்யும் எனக்கு, ஒவ்வொரு சுமைதாங்கியும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு தாய் மரணமாகவே தெரிகிறது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 'பிரசவ வைத்தியம்' என்ற நூலை 1857இலேயே தமிழில் தந்தார். (அவருடைய பெயரில் இன்று அங்கே நிற்பதும் ஒரு வைத்தியசாலைதான்.) ஆனால் நூல் வந்ததால் மட்டும் தாய்மார் பிழைத்துவிடவில்லை. 1930களில்கூட இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். குடும்பநல மருத்துவமாது வீடு வீடாகச் சென்றதும், பிரசவம் வைத்தியசாலைக்கு வந்ததும், மலேரியா அடங்கியதும் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கையை அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 30 வரை இறக்கின. இன்று ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, தவிர்த்திருக்கலாமா என்று ஆராயப்படுகிறது. அந்தக் கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். எங்கள் தோழி அந்த 30இல் ஒருத்தி.

ஆகவே, கல்லூரி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் தாய்மார் இருக்க ஒரு வாங்கு போடுவோம் என்றேன். சுமைதாங்கியைப் போலவே பெயர் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னேன். நான் பார்த்த சுமைதாங்கி எதிலும் பெயர் இருக்கவில்லை. அதைப் பெரிய பண்பாக நான் மதித்திருந்தேன். தோழியர் ஒத்துக்கொண்டார்கள். அவளுடைய அம்மாவிடம் சொல்லப் போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "வாங்கு நல்லது, பிள்ளை. ஆனா அந்தக் காலத்துப் பெட்டையளின்ரை பேரை எழுதாமல் விட்டது சரியெண்டு உமக்கு ஆர் சொன்னது? ஊருக்கு அவள் ஒரு பிள்ளைத்தாச்சி. எனக்கு அவளுக்குப் பேர் இருக்கு."

என்னிடம் பதில் இருக்கவில்லை. எத்தனையோ சுமைதாங்கிகளைப் பற்றி வாசித்தவள், அந்தப் பெண்களின் தாய்மாரை ஒரு தடவையும் நினைத்துப் பார்க்கவில்லை.

வாங்கு வாசலின் வலப்புற வேம்பின் கீழ் அமையும். வயிற்றுப் பிள்ளையோடு வருபவர் ஊன்றி எழும்பக் கைபிடிகள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இருக்கை தாழ்வாக இராது. சாய்மானத்தில் அவளுடைய பெயர் இருக்கும். இடாப்பில் உள்ள முழுப் பெயரையா, நாங்கள் கூப்பிட்ட பெயரையா எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டோம். இரண்டையும் எழுதச் சொன்னார்.