21-இன் காரணீயப் பெருக்கம்



பிளஸ் ஒன்னில் காரணீயப் பெருக்கம் நடத்தியது நினைவிருக்கிறதா? 20-க்கு விடை 2432902008176640000. கணினியின் 64 பிட் இடத்தில் இது அடங்கிவிடும். 21-க்கு அடங்காது. பல கணினி மொழிகள் சத்தமில்லாமல் தப்பான விடையைத் தந்துவிடும். 1990-இல் வெளிவந்த ஹாஸ்கல் மொழியில் 'இன்டிஜர்' என்று ஒரு வகை வைத்தார்கள். எத்தனை இலக்கம் வந்தாலும் அது தாங்கும்.

சரி, அந்தக் கணக்கை யார் போடுவது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜிஹெச்சி என்ற ஹாஸ்கல் கம்பைலர், அதற்கு ஜிஎம்பி நூலகத்தை எடுத்துக்கொண்டது. நூலகம் என்றால் பிறர் எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. ஸ்வீடன்காரர் டோர்பியோர்ன் கிரான்லுண்ட் 1991-இல் வெளியிட்டது இது. நாம் நோட்டில் பெருக்கும் முறையில் இலக்கம் இருமடங்கானால் வேலை நான்கு மடங்காகும். ஜிஎம்பி, எண் பெரிதானதும் கரட்சுபா முறைக்கு மாறிக்கொள்ளும். அதில் மூன்று மடங்குதான். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

சிக்கல் வேகத்தில் வரவில்லை. ஜிஎம்பியின் உரிமம் எல்ஜிபிஎல். அதைச் சேர்த்து நிரல் விற்பவர், வாங்கியவர் விரும்பினால் திருத்திய ஜிஎம்பியைப் பொருத்திக்கொள்ள வழிவிட வேண்டும். பயனாளியைக் காக்க எழுதிய விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜிஹெச்சி வழக்கமாக நூலகத்தை நிரலோடு சேர்த்தே தைத்துவிடும். கம்பைலர்காரர் செய்த தேர்வு, மூலநிரலை வெளியிட விரும்பாத நிறுவனங்களின் தலையில் விடிந்தது.

இன்னொன்றும் உண்டு. ஜிஎம்பிக்கு நினைவகம் ஒதுக்கும் பொறுப்பை ஜிஹெச்சி தன் கையில் வைத்துக்கொண்டது. அதே நிரலில் வேறொரு சி நூலகமும் ஜிஎம்பியைப் பயன்படுத்தினால், அதன் எண்களும் ஜிஹெச்சியின் இடத்துக்கே வந்து சேரும். யாருடையது என்று தெரியாமல் ஜிஹெச்சி குப்பை கூட்டும்போது அவையும் போய்விடும்! வீட்டுக்காரர் பரணைச் சுத்தம் செய்து, குடியிருப்பவரின் பெட்டியைத் தூக்கிப் போட்ட கதைதான்.

முழுக்க ஹாஸ்கலில் எழுதிய மாற்று நூலகம் ஒன்று வந்தது. உரிமத் தொல்லை இல்லை, பெரிய எண்களில் வேகமும் இல்லை. எண்ணை உள்ளே வைக்கும் விதமே வேறு என்பதால், சில நூலகக்காரர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. நினைவகச் சண்டையை 2015-இல் ஹெர்பர்ட் ரீடல் திருத்தி எழுதித் தீர்த்தார். 2021-இல் வந்த 9.0 பதிப்பில் சில்வைன் ஹென்றி இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். எண்ணை வைக்கும் முறை ஒன்றே. கணக்குப் போடுவது ஜிஎம்பியா, சொந்த நிரலா என்பது கம்பைலரைக் கட்டுபவர் விருப்பம். இதற்கு முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

நேற்று பேரன் 100-க்குப் போட்டுக் காட்டினான். 158 இலக்கம், கடைசியில் 24 சுழியம். ஏன் 24 என்று கீழே எழுதுங்கள், பார்க்கலாம். கணினியைத் தொடக்கூடாது!