காவிரியும் குடிமராமத்தும்

சோழ நாட்டின் வளம் கூறப் புகுவார் பலரும் கல்லணையையே முதற்கண் கூறுவர். அணை கட்டிய மன்னனின் புகழ் பேசப்படும் அளவிற்கு, அதனின்று பிரியும் நீரை வயல்வரை கொண்டு சேர்த்த மக்களின் உழைப்புப் பேசப்படுவதில்லை. ஊர் வாழ்வினை உயர்த்தும் நிலைத்த வளம் கல்லால் அமைவதா, ஆண்டுதோறும் செய்யும் கடமையால் அமைவதா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலைக்களன் திருக்காட்டுப்பள்ளி ஆகும். சம்பந்தரும் அப்பரும் பாடிய இம்மேலைத் திருக்காட்டுப்பள்ளியிலேதான் காவிரியினின்றும் குடமுருட்டி பிரிகின்றது. தேவாரத்தில் ‘கடுவாய்’ என வழங்கும் ஆறு இதுவே என்பர். ஊர்ப்பெயரிற் காடு நிற்கின்றது. ஊரைச் சூழ்ந்து இன்று நெல்லும் வாழையும் நிற்கின்றன. காவிரி நீரோடு வண்டலையும் கொணர்வது. வண்டல் வயலை அடையின் உரமாகும். வாய்க்காலில் தங்கின் தடையாகும். ஒரே பொருள் ஆக்கமாவதும் கேடாவதும் அதனை அள்ளும் கையைப் பொறுத்தன.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார், நிலம் குழிந்தவிடத்து நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகின்றார். காரியாசானின் சிறுபஞ்சமூலம் குளம் தோண்டுதல், மரம் நடுதல், வழி அமைத்தல், உழுவயல் ஆக்குதல், பொதுக்கிணறு அமைத்தல் ஆகியவற்றை ஒருங்கே அறமாக எண்ணுகின்றது. முன்னது அரசற்குக் கூறியது. பின்னது பொதுமக்கட்குக் கூறியது. நீர்நிலை பேணுதல் அரசன் கடனாகவும் குடிகள் அறமாகவும் கருதப்பட்டமை இவற்றாற் புலனாகும்.

கல்வெட்டுக்கள் இக்கடமையின் நடைமுறையைக் காட்டுகின்றன. முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. ஏரியில் வண்டல் அகற்றுதற்கென முதல் வைக்கப்பட்ட செய்திகளும் தொண்டை நாட்டுக் கல்வெட்டுக்களில் உள. ஏரியாயம் என்னும் வரியும் இத்தொடர்பினதே. ஆயின், ஏரி வாரியம் ஏரிப்பாசனம் மிக்க தொண்டை நாட்டுச் சான்று. ஆற்றுப்பாசனம் மிக்க காவிரிப் படுகைக்கு அதனை அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

இனி, ‘குடிமராமத்து’ என்னும் சொல்லை நோக்குவோம். குடி தமிழ், மராமத்து, பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபுச் சொல். எனவே இத்தொடர் சோழர் காலத்தது ஆகாது. சொல் பிற்பட்டது என்பது கொண்டு செயலும் பிற்பட்டது எனக் கொள்ளுதல் தவறு; செயல் பழமையானது என்பது கொண்டு அஃது என்றும் ஒரே தன்மைத்தாய் இருந்தது எனக் கொள்ளுதலும் தவறே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட, தாழ்ந்த கொள்ளிடம் நீரை ஈர்த்துக் கொண்டது. ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் மேலணை கட்டி, நீரைக் காவிரிக்குத் திருப்பினார். ஆழம் காணாத மணலில் அடித்தளம் இடும் முறையைப் பழைய கல்லணையினின்றே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். தலைமதகுகள் அரசின் பொறுப்பாயின. கிளை வாய்க்கால்களோ குடிகளின் பொறுப்பாகவே நின்றன. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி உழைப்புத் தாராதவரிடம் அவ்வுழைப்பின் இரட்டிப்பு மதிப்பைத் தண்டமாகப் பெற இடந்தந்தது. ஊர்வழக்கு சட்டத்தின் துணையை நாடிற்று எனின், அவ்வழக்குத் தளர்ந்துவிட்டது என்பதே பொருள்.

அவ்வழக்கை அடியோடு போற்றுதலும் ஆகாது. கல்வெட்டுக்களில் வரும் வெட்டி, முட்டையாள், அமஞ்சி என்பன உழைப்பாகச் செலுத்திய கடமைகள். ஊதியமற்ற உழைப்பைக் குறித்த ‘வெட்டி’ என்னும் சொல், இன்று பயனற்றது எனப் பொருள்படுகின்றது. வயலுக்குப் பெரும்பயன் தந்த உழைப்பு, உழைத்தவனுக்குப் பயன் தராமையை இச்சொல்லின் வரலாறே உணர்த்துகின்றது எனலாம். அண்மைக் காலத்தும் மிராசுதாரர் நிலத்திற்கேற்ப ஆள் அனுப்பினர். மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்களே. அவர்தம் வேலைக்கும் கூலிக்கும் காப்பளிக்கத் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. ஆகவே, நீர் பொதுவாயிருந்தது என்று கூறுவார், அதன் விளைவு பொதுவாயிருந்ததா எனவும் வினவுதல் வேண்டும்.

1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் பயனுக்கு வந்தன. வழக்கமாக சூன் 12இல் மேட்டூர் திறக்கப்பெறும். சனவரி 28இல் மூடப்பெறும். இடைப்பட்ட வறண்ட திங்கள்களே தூர் வாருதற்குரிய காலம். அதனைத் தவறவிடின் கடைமடை வயலே முதலில் வாடும். 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பாசனத்தாரையும் அதில் இணைத்தது. அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்டு 22இல், முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. புதிய கதவணை பின்னர் அங்குக் கட்டப்பெற்றது. கல்லும் காவலின்றி நிலையாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

இதுகாறும் கூறியவற்றால், காவிரிப் படுகையின் வளம் ஒருகாற் கட்டி முடித்த பொருளன்று, ஆண்டுதோறும் செய்யப்படும் செயல் என்பதும், அச்செயலின் சுமை நிலமற்றார்மேல் விழுந்தமையே பழைய முறையின் குறை என்பதும் பெறப்படும். குடிமராமத்தில் ‘மராமத்து’ நமக்கு எளிதிற் புலப்படுகின்றது. ‘குடி’ யார் என்பதே இன்னும் தெளிய வேண்டுவது. குடமுருட்டியின் தலைப்பில் நிற்பவனும் கடைமடையில் நிற்பவனும், நிலமுடையானும் தூர் வாரும் கூலியாளும் அக்குடியுள் அடங்குவராயின், அன்றே இவ்வளம் நிலைத்த வளமாகும்.