துருசின் திறப்பும் கணினியின் கடவுச்சொல்லும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் திரியாய், குளத்து நீரை நம்பி நெல் விளைத்து வந்த ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் வயல் தனியுடைமை, குளம் பொது. தன் வயலுக்குள் எந்த நெல்லை விதைப்பது, வரம்பில் எந்த வக்கடையை எப்போது வெட்டுவது என்பதெல்லாம் உழவன் பாடு. குளத்து மதகான துருசைத் திறக்கும் உரிமை மட்டும் அவன் கையில் இருக்காது. முன்பு கிழக்கு மாகாணத்தில் அது, பாசன நீரைப் பங்கிடும் வட்டை விதானையின் பொறுப்பாக இருந்தது. இந்த ஏற்பாடு ஒருமுறை சிதைந்து, பிறகு சட்டம் போட்டு மீட்கப்பட்டது. 1832இல் ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறை ஒழிக்கப்பட்டது. அது போனது நல்லதே. ஆனால் குளத்தையும் வாய்க்காலையும் கூடிப் பேணும் கடமையும் அதோடு தளர்ந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நெற்காணிப் பாசனத்தின் பழைய வழமைகளை மீட்க வந்தது. வீட்டுக் கணினியில் யார் எதைச் செய்யலாம் என்ற கேள்வியின் வரலாறும் இதே வழியில்தான் போயிருக்கிறது. இருந்த ஒழுங்கு விடுதலையின் பெயரால் கைவிடப்பட்டது. சேதம் கண்ட பிறகு அது திரும்பி வந்தது.

பயனர் கணக்கு வீட்டுக்காகப் பிறந்ததல்ல. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்துகாட்டியது. பலர் கூடுமிடத்தில் கோப்புகள் கலந்துவிடாதிருக்க ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வேண்டியிருந்தன. அங்கே மிக அரிதான பண்டம் கணினியின் நேரம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கப்பட்ட ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், நேரம் போதாமல், 1962இல் எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். தண்ணீர் முறைக்குக் காத்திருக்கப் பொறாதவன் இரவில் வரம்பை வெட்டுவதைக் கண்ட ஊர்களுக்கு இது புதிய குற்றமல்ல. அடுத்து வந்த மல்டிக்ஸ் என்ற இயங்குதளம், ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற பட்டியலை வைத்தது. 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் இதைச் சுருக்கி, உடையவர், அவர் குழுவினர், மற்றவர் என்ற மூன்று வகுப்புகளுக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று உரிமைகளைப் பகிர்ந்தது. எல்லாம் செய்யவல்ல ‘ரூட்’ கணக்கைத் தனியே வைத்தது. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் இதன் அடிப்படையை எழுத்தில் வைத்தார்கள்: எந்த நிரலுக்கும் ஆளுக்கும் அந்த வேலைக்குத் தேவையான அளவு உரிமைக்கு மேல் கொடுக்கலாகாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியில் கணக்கு என்ற ஒன்றே கிடையாது. அதில் ஓடிய டாஸ் என்ற இயங்குதளம், விசைப்பலகைக்கு முன் இருப்பவரையே உடையவராக எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனத்தின் கணினி அறைக்கு முன்னால் கைகட்டி நின்றவர்களுக்கு அது உண்மையான விடுதலை. ஆனால் அதில் ஒரு பிழையான கணிப்பு ஒளிந்திருந்தது: ஒரு கணினிக்கு ஓர் ஆள். நம் வீடுகளில் அது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. இலங்கையில் 2010களின் இறுதியில்கூட ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. அந்த ஒன்றை அண்ணன், தங்கை, தகப்பன், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எல்லோரும் பயன்படுத்துவது இயல்பு. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்டது. ஆனால் எஸ்கேப் விசையை அழுத்தினால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விட்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, அலுவலகங்களுக்கென எழுதப்பட்ட விண்டோஸ் என்.டி.யின் உறுதியான உரிமை முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் நிறுவும்போது உருவாக்கும் கணக்குகளையெல்லாம் எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்காகவே வைத்தது. வீட்டில் எல்லோர் கையிலும் துருசின் திறப்பு.

குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு, ஆளுக்கொரு கணக்கென்பது அவநம்பிக்கையல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை ஏற்பாட்டை இரகசியத்தோடு குழப்புவதால் வரும் கேள்வி இது. வட்டை விதானையிடம் துருசை விட்டதற்குக் காரணம் மற்ற உழவர்கள் கள்வர்கள் என்பதல்ல; ஒருவர் அறியாமல் செய்வதும் எல்லோர் வயலையும் பாதிக்கும் என்பதுதான். கணினியில் இது இன்னும் கூர்மையானது. நாம் இயக்கும் நிரல் நம் உரிமையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பிள்ளை இறக்கிய விளையாட்டோடு கூடிவந்த தீநிரல், பிள்ளை நிர்வாகியானால் தானும் நிர்வாகி. பிள்ளையின் கணக்கு சாதாரணமானதென்றால், இயங்குதளத்தை மாற்ற அந்தத் தீநிரல் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்டு நிற்க வேண்டிவரும்.

கேட்டுக் கேட்டே மனிதரைச் சலிக்க வைத்ததும் வரலாறுதான். 2007 சனவரியில் வந்த விண்டோஸ் விஸ்டா எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டது. ஆட்கள் வாசிக்காமலே ‘ஆம்’ என்று அழுத்தப் பழகினார்கள். அந்தத் தொந்தரவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று மைக்ரோசாஃப்டின் மேலாளர் ஒருவரே 2008இல் சொன்னார். எல்லா உரிமையும் கிடைக்கும் என்று நம்பி நிரல் எழுதியவர்களை வழிக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். 2009இல் விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது. இங்கே பிழையானது கேட்ட அளவு. கேட்பதே பிழை என்ற முடிவுக்கு அதிலிருந்து போக முடியாது.

இதைவிட வலுவான மறுப்பொன்று உண்டு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல்கள் குறிவைப்பது நம் ஆவணங்களை. அதற்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. நம் கோப்பை மாற்ற நமக்கிருக்கும் உரிமையே போதும். இயங்குதளம் பிழைத்து, படங்களும் பத்திரங்களும் அழிந்தால் என்ன பயன்? 1985இல் வன்முறையால் ஊரைவிட்டு ஓடியவர்கள் திரியாய் மக்கள். காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் தொலைந்தால் என்ன நேரும் என்பது இடம்பெயர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். அவற்றின் பிரதிகள் கணினியில் இருக்கும் வீட்டில் இந்த மறுப்பை இலேசாகத் தள்ள முடியாது. அதை ஏற்கிறேன். ஆளுக்கொரு கணக்கு இருந்தால் ஒருவர் கணக்கில் புகுந்தது மற்றவர் கோப்புகளை எளிதில் தொடாது. சேதம் ஒரு வரம்புக்குள் நிற்க வாய்ப்புண்டு. மற்றதற்குக் கணினியோடு இணைந்திராத பிரதி ஒன்றுதான் வழி.

எனக்கு மிகவும் கவலை தருவது, நிர்வாகி யார் என்பது. பெரும்பாலும் கணினி தெரிந்த இளைஞன் அந்த இடத்தைத் தானாகவே எடுத்துக்கொள்கிறான். தங்கை எதைப் பார்க்கலாம் என்று அவனே தீர்மானிக்கிறான். அவன் கனடாவுக்குப் போனதும் தகப்பனால் ஓர் அச்சுப்பொறியைக்கூட இணைக்க முடிவதில்லை. 1856ஆம் ஆண்டுச் சட்டம் பாசன விதிகளை வகுக்கும் உரிமையைக் காணியுடையோரின் கூட்டத்துக்குக் கொடுத்தது. அதுவும் போதாமல் 1958இன் நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. வீட்டிலும் நிர்வாகிக் கணக்கு அன்றாட வேலைக்கான கணக்காக இருக்கக் கூடாது, ஒருவரின் சொத்தாகவும் இருக்கக் கூடாது. தனியே ஒன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வயதில் மூத்த பெண் ஒருவர் உட்பட இருவரிடமாவது கொடுத்து வைக்கலாம். அண்ணனும் மற்றவர்களைப் போலச் சாதாரணக் கணக்கிலேயே வேலை செய்யட்டும்.