பந்தைக் காக்கக் கற்ற பிள்ளைகள்



பதினாறு, பதினேழு வயது இளையருக்குக் காற்பந்துப் பயிற்சியில் முதலில் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே நம் முன் உள்ள கேள்வி. பந்தைக் காலில் வைத்திருந்து, தட்டிக் கொடுத்து, பொறுமையாக முன்னேறக் கற்றுக்கொடுப்பதா? அல்லது தூக்கி அடித்து, ஓடி விரட்டி, எப்படியாவது கோல் போடச் சொல்வதா? நம் திடல்களில் சனிக்கிழமை காலையில் நின்று பார்த்தால், "அடி, அடி, தூக்கி அடி!" என்று பெற்றோரும் பயிற்றுநரும் போடும் சத்தம்தான் முதலில் காதில் விழும். அந்தச் சத்தம் சரியா தவறா என்று வாதிடுவதற்கு முன்னர், இந்தக் கேள்வி உலகக் காற்பந்தில் எப்படிப் பிறந்தது, யார் யார் அதற்கு என்ன விடை கண்டார்கள் என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

சிறியவர்கள் கண்ட வழி

1872ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உலகின் முதல் அதிகாரபூர்வ அனைத்துலகக் காற்பந்து ஆட்டம் நடந்தது. இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் உடல் கட்டிலும் எடையிலும் பெரியவர்கள். அந்தக் காலத்து வழக்கப்படி, பந்து கிடைத்தவர் அதைத் தம் காலிலேயே உருட்டிக்கொண்டு எதிராளிகளின் கூட்டத்துக்குள் நேராகப் பாய்வார். ஸ்காட்லாந்துக் குழுவினர் அனைவரும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே மன்றத்தைச் சேர்ந்தவர்கள். எடை குறைந்தவர்கள். மோதினால் தோற்போம் என்று தெரிந்ததால், ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக் கொடுத்து விளையாடினார்கள். ஆட்டம் கோல் ஏதுமின்றிச் சமநிலையில் முடிந்தது.

பந்தைப் பரிமாறி ஆடும் முறை அழகுக்காகப் பிறந்ததன்று. உடல் பலத்துக்கு ஈடு கொடுக்க முடியாதவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கண்ட வழி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதற்கும் இதுதான் அடித்தளம்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்த ஜிம்மி ஹோகன் இந்தப் பாடத்தை ஐரோப்பா எங்கும் எடுத்துச் சென்ற பயிற்றுநர்களில் முக்கியமானவர். முதல் உலகப் போர் மூண்டபோது ஆஸ்திரியாவில் சிக்கிக்கொண்ட அவர், பின்னர் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்குச் சென்று எம்.டி.கே. மன்றத்தின் இளையரைப் பயிற்றுவித்தார். பந்தை நிறுத்துவது, பார்ப்பது, கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். 1953 நவம்பர் 25ஆம் நாள், லண்டன் வெம்பிளி திடலில் ஹங்கேரி 6-3 என்ற கோல் கணக்கில் இங்கிலாந்தைத் தோற்கடித்தது. ஐரோப்பியக் கண்டத்து அணி ஒன்று இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றது அதுவே முதல் முறை. வெற்றி பெற்ற ஹங்கேரியர்களோ, எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹோகன் என்று வெளிப்படையாக நன்றி கூறினார்கள். தன் வீட்டு ஆசானை இங்கிலாந்து அயலார் வாய்மொழியால்தான் அறிந்துகொண்டது!

ஆம்ஸ்டர்டாமிலிருந்து பார்சிலோனாவுக்கு

இதே காலத்தில் நெதர்லாந்தின் அயாக்ஸ் மன்றத்திலும் ஓர் ஆங்கிலேயர் அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஜாக் ரெனால்ட்ஸ். 1915க்கும் 1947க்கும் இடையில் மூன்று கட்டங்களாக அங்கே பணியாற்றிய அவர், சிறுவர் அணியிலிருந்து மூத்தோர் அணி வரை ஒரே முறையில் ஆட வேண்டும் என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்தார். அவரிடம் ஆடியவர் ரினுஸ் மிக்கெல்ஸ். மிக்கெல்ஸிடம் ஆடியவர் யோகன் கிரைஃப். ஆசிரியர் பரம்பரை என்று நம் இசையிலும் நாட்டியத்திலும் சொல்கிறோமே, அப்படி ஒரு பரம்பரை இது.

1974 ஜூலை 7ஆம் நாள், மியூனிக் நகரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். நெதர்லாந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ பதினைந்து முறை பந்து கைமாறியது. ஒரு ஜெர்மானியரின் கால்கூட அதில் படவில்லை. கிரைஃப் பெனால்டி எல்லைக்குள் வீழ்த்தப்பட்டார். இரண்டாவது நிமிடத்திலேயே பெனால்டி வழியாக நெதர்லாந்து ஒரு கோல் முன்னணி. ஆனால் முடிவு என்ன? மேற்கு ஜெர்மனி 2-1 என்ற கோல் கணக்கில் கிண்ணத்தை வென்றது. முதல் கோலுக்குப் பிறகு எதிரணியைக் கேலி செய்வது போலப் பந்தைச் சுற்றிச் சுற்றி விட்டோம், இரண்டாவது கோல் போட மறந்துவிட்டோம் என்று அந்த அணியின் ஜானி ரெப் பிற்காலத்தில் மனம் திறந்து சொன்னார். பந்தை வைத்திருப்பது வேறு, அதை வைத்து எதையாவது சாதிப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கிரைஃப் 1973இல் ஆட்டக்காரராகவும், 1988இல் பயிற்றுநராகவும் பார்சிலோனாவுக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே ஒருவர் நிலத்தை உழுது வைத்திருந்தார். அவர் லாவுரியானோ ரூயிஸ். 1970களில் அந்த மன்றத்தின் இளையர் பிரிவுக்குப் பொறுப்பேற்றபோது, 1.80 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள இளையரைப் பரிந்துரைக்க வந்தால் அப்படியே திரும்பிப் போகலாம் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு அங்கே ஒட்டப்பட்டிருந்ததாகவும், அதை அவர் கிழித்தெறிந்ததாகவும் சொல்வார்கள். 'ரோண்டோ' என்ற பயிற்சியை அங்கே ஊன்றியவரும் அவர்தான்.

ரோண்டோ என்பது பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு. நால்வரோ ஐவரோ வட்டமாக நிற்பார்கள். நடுவில் ஒருவரோ இருவரோ பந்தைப் பறிக்க முயல்வார்கள். பந்தைப் பறிகொடுத்தவர் நடுவுக்குப் போக வேண்டும். இடம் குறுகல், நேரம் குறைவு. பந்து வருவதற்கு முன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்திருக்க வேண்டும். கால் வேலை பாதி, கண் வேலை மீதி.

மூர்த்தி சிறிதானாலும்

1979 அக்டோபர் மாதம், பார்சிலோனா மன்றம் தன் அரங்கத்துக்கு அருகில் 1702இல் கட்டப்பட்ட ஒரு பழைய பண்ணை வீட்டை வெளியூர் இளையருக்கான விடுதியாக்கியது. அதுதான் 'லா மாசியா'. 11 வயதில் அந்த மன்றத்தில் சேர்ந்த சாவி, 12 வயதில் வீட்டைப் பிரிந்து வந்து அழுத இனியெஸ்டா, வளர்ச்சிச் சுரப்புக் குறைபாட்டோடு 13 வயதில் அர்ஜெண்டினாவிலிருந்து வந்த மெஸ்ஸி ஆகிய மூவருமே சுமார் 170 செண்டிமீட்டர் உயரம்தான். அந்தப் பழைய அறிவிப்பு கிழிபடாமல் இருந்திருந்தால் மூவரும் வாசலோடு திரும்பியிருப்பார்கள். 2010ஆம் ஆண்டின் உலகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் இந்த மூவரே. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்!

சிறுவர்களைப் பற்றிப் பேசுகிறோம், மூத்த இளையரைப் பற்றி என்ன என்று கேட்பீர்கள். 2007இல் பெப் குவார்டியோலா, பார்சிலோனாவின் இளைய 'பி' அணிக்குப் பயிற்றுநரானார். அந்த அணி அப்போது ஸ்பெயினின் நான்காம் நிலைப் பிரிவில் இருந்தது. கரடுமுரடான திடல்கள், அனுபவமும் உடல் வலுவும் உள்ள எதிராளிகள். "இங்கே அழகு ஆட்டம் எடுபடாது, தூக்கி அடியுங்கள்" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. அதே முறையில் ஆடி, அந்தப் பருவத்திலேயே அணி மேல் பிரிவுக்கு உயர்ந்தது. அந்த அணியில் இருந்த செர்ஜியோ புஸ்கெட்ஸ், பெட்ரோ ஆகிய இருவரும் 2010 ஜூலை 11ஆம் நாள் ஜொகன்னஸ்பர்க் நகரில் ஸ்பெயின் உலகக் கிண்ணம் வென்ற இறுதியாட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர்களாகக் களமிறங்கினார்கள். நான்காம் பிரிவிலிருந்து உலகக் கிண்ணத்துக்கு இரண்டே ஆண்டுகள்!

அந்தப் பதினாறு முதல் இருபது வயதுதான் ஆபத்தான வயது. சிறுவயதில் எல்லாப் பிள்ளைகளும் பந்தைக் கொஞ்சி விளையாடும். பதினாறில் சிலர் ஆண்மகனாக வளர்ந்துவிடுவார்கள், சிலர் இன்னும் பையனாகவே இருப்பார்கள். போட்டிகள் பெரிதாகும், கிண்ணங்கள் வந்து சேரும், தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உயரமான பையனை முன்னால் நிறுத்தித் தூக்கி அடித்தால் இன்றைக்கு வெற்றி கிடைக்கும். ஆனால் இருபது வயதில் மற்றவர்களும் அதே உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவனிடம் வேறு எதுவும் இருக்காது. சிறிய பையனோ எப்போதோ விலக்கப்பட்டிருப்பான். ஆகவே, இது வெறும் ஆட்ட உத்தி பற்றிய விவாதமன்று. எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்கிறோம், எந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பது பற்றிய விவாதம்.

நாணயத்தின் மறுபக்கம்

பந்தை வைத்திருந்தால் போதும், வெற்றி தானாக வரும் என்று நான் சொல்ல வரவில்லை. வரலாறும் அப்படிச் சொல்லவில்லை. 2010இல் ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் போட்டது எட்டே கோல்கள். 2014 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்திடம் 1-5, சிலியிடம் 0-2 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2018இல் ரஷ்யாவுக்கு எதிராகவும், 2022இல் மொரோக்கோவுக்கு எதிராகவும் ஆட்டத்துக்கு ஆயிரத்துக்கும் அதிகமான முறை பந்தைப் பரிமாறியும், இரண்டு முறையும் பெனால்டியில் தோற்றது. 1974இன் பாடத்தை மீண்டும் மீண்டும் படிக்க வேண்டியிருந்தது.

2024இல்தான் மாற்றம் தெரிந்தது. ஐரோப்பியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் பந்து குரோஷியாவிடமே சற்று அதிக நேரம் இருந்தது. ஆனால் ஸ்பெயின் 3-0 என்று வென்றது. இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவர் லாமின் யமால். அதற்கு முந்தைய நாள்தான் அவருக்குப் பதினேழு வயது நிறைந்திருந்தது. அவரும் லா மாசியாவின் பிள்ளைதான். பொறுமையாகப் பந்தைக் காக்கவும், வழி திறந்த மறுகணமே அதன் வழியே பாயவும் கற்ற தலைமுறை அது.

ஆட்ட விதிகளும் இந்தப் பக்கமே சாய்ந்து வந்துள்ளன. 1992 முதல், சக ஆட்டக்காரர் காலால் வேண்டுமென்றே திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல் காவலர் கையால் தொடக்கூடாது. 2019 முதல், கோல் உதையைப் பெனால்டி எல்லைக்குள்ளேயே சக ஆட்டக்காரர் பெற்றுக்கொள்ளலாம். கோல் காவலருக்கும் கால் திறன் வேண்டும் என்றாகிவிட்டது.

நம் திடலுக்கு என்ன பாடம்?

மூத்த இளையரைப் பயிற்றுவிப்பவர்கள் இந்த வரலாற்றிலிருந்து நான்கு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பந்து வரும் முன் பார்ப்பது. தோளுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாதவனுக்கு எவ்வளவு கால் திறன் இருந்தும் பயனில்லை. உடலைப் பாதி திருப்பி நின்று பந்தை வாங்கினால் முன்னும் பின்னும் தெரியும்.

இரண்டாவது, பந்து இல்லாதவனின் வேலை. பந்து வைத்திருப்பவன் ஒருவன். அவனுக்கு வழி காட்ட வேண்டியவர்கள் பத்துப் பேர். எதிராளியின் நிழலில் ஒளிந்து நிற்காமல், பந்து வரக்கூடிய கோணத்துக்கு நகர வேண்டும்.

மூன்றாவது, திசை. ரோண்டோவில் திசை கிடையாது. அதனால் பதினாறு வயதுக்கு மேல் அது மட்டும் போதாது. சிறிய திடலில் இரு பக்கமும் கோல் வைத்து, கூடுதலாக இரண்டு, மூன்று பொது ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஆடவிட வேண்டும். பந்தை வைத்திருப்பது எதற்காக என்பது அப்போதுதான் புரியும்.

நான்காவது, இழந்த கணம். பந்து பறிபோனதும் தலையில் கை வைத்து நிற்காமல், அருகில் இருப்பவர்கள் அடுத்த சில வினாடிகளிலேயே அதை மீட்கப் பாய வேண்டும். குவார்டியோலாவின் அணிகள் பந்தை அவ்வளவு நேரம் வைத்திருந்ததற்கு, அவ்வளவு விரைவாகத் திரும்பப் பறித்ததும் ஒரு காரணம்.

இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நான்கு கூம்பு, ஒரு பந்து, கொஞ்சம் புல். தேவைப்படுவது ஒன்றே ஒன்று: பொறுமை. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பின்னாலிருந்து பந்தைக் கட்டி எழுப்ப முயன்று, தவறவிட்டு, அதனால் ஒரு கோல் வாங்கும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு அந்தப் பையனைத் திட்டினால், அடுத்த வாரம் அவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பான். அதன்பின் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அவன் மனத்தில் உள்ள பயம் போகாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் ஆட்டம் முடிந்து வரும்போது "எத்தனை கோல்?" என்று கேட்பதோடு, "பந்து கிடைத்தபோது என்ன பார்த்தாய்?" என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மன்றப் பொறுப்பாளர்களே, இவ்வாண்டுத் தேர்வில் உயரம் போதவில்லை என்று ஒரு பெயரை அடிப்பதற்கு முன், அந்தப் பையன் பந்தை எத்தனை முறை பறிகொடுத்தான் என்று எண்ணிப் பாருங்கள். அதன்பிறகு முடிவெடுங்கள்.